நடு ஸ்பீக்கர்

"ஒரே பெட்டி போதும். டிவிடி, ஆம்ப்ளிஃபயர் எல்லாம் அதுக்குள்ளயே இருக்கு. ரிமோட்டும் ஒண்ணுதான். நமக்கு எதுக்கு இம்மாம் பெரிய படையெடுப்பு?"

"பெட்டி வேணாம். தனித்தனியாத்தான் வாங்கணும்."

"ஏன்னு ஒரு காரணம் சொல்லுங்களேன், போராம் அப்பா."

"சத்தம் வேற மாதிரி இருக்கும்."

"ஓஹோ. எங்க அக்கா வீட்டுல பாடச் சொன்னப்ப மைக்கைக் கீழ போட்டுட்டு ஓடின ஆளு. இப்ப சத்தத்துல ரகம் பிரிக்கிறாராம்."

புசான் கடையில் மனைவி நாம்ஹீ பேசிய ஒவ்வொரு வார்த்தையும் கில்சோப்புக்கு நினைவிருந்தது. அவள் பேசி முடிக்கும்வரை அவள் உதட்டைவிட்டு அவன் கண்ணை எடுக்கவில்லை என்பதுதான் காரணம். அவன் கேட்டுத் தெரிந்துகொண்டது மிகக் குறைவு. பார்த்துத் தெரிந்துகொண்டதுதான் எல்லாம்.

உல்சான் கப்பல் கட்டும் தளத்தில் இருபது வயதிலிருந்து கிரைண்டர் பிடித்தவன். இரும்புத் தகடுகளின் விளிம்பைத் தேய்த்துத் தேய்த்து, கூடவே காதும் தேய்ந்துவிட்டது. லாரி ஹார்ன் கேட்கும். இடி கேட்கும். ஆனால் மனிதக் குரல், அதிலும் பெண்குரல், யாரோ தண்ணீருக்கு அடியில் இருந்து பேசுவதுபோல வரும். கம்பெனியின் வருடாந்திரக் காதுப் பரிசோதனையில் கண்ணாடியில் தெரியும் நர்ஸின் விரலைப் பார்த்துப் பார்த்துப் பொத்தானை அழுத்தித் தேறிவிடுவான். வீட்டில் அதைவிடச் சுலபம். யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டி, லேசாகச் சிரித்து, "சரி சரி" என்றால் போதும்.

நாம்ஹீயிடம் மட்டுமாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுடைய அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் வெடிவைத்தவர். அவருக்குச் சுத்தமாகக் கேட்காது. "எங்க வீட்டுல யாரும் பேசினதே இல்ல. கத்தித்தான் வளர்ந்தோம். உப்பு எடுத்துக் குடுன்னு கேக்கறதுகூட சண்டை மாதிரி இருக்கும்" என்று பெண் பார்த்த அன்று, தேநீர்க் கடையில், அவ்வளவு மெல்லிய குரலில் சொன்னவள். அந்தக் குரலுக்காகத்தான் அவன் அன்றே சம்மதம் சொன்னான். அவளைப் போய் எப்படிக் கத்தச் சொல்வது?

வெளிநாட்டுப் படங்களுக்குக் கீழே எழுத்து ஓடும். அதனால் அவன் அவற்றையே பார்த்தான். அவளுக்குப் பிடித்ததோ உள்ளூர்ப் படங்கள். அவற்றுக்கு எழுத்து கிடையாது. ஒருமுறை திரையில் ஒரு தாய் ஏதோ சொன்னாள். நாம்ஹீ அழுதுகொண்டிருந்தாள். அவன் சிரித்தான். அவள் திரும்பிப் பார்த்த பார்வையை அவன் மறக்கவே இல்லை. அதற்குப்பின் அவன் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்ப்பதை அவள் நிறுத்திவிட்டாள்.

முடிதிருத்தும் கடையில் கிடந்த ஒரு பத்திரிகையில்தான் அதைப் படித்தான். தனித்தனியாக வாங்கும் அமைப்பில் நடுவில் வைக்கும் ஸ்பீக்கர் ஒன்று உண்டு. பேச்சு முழுக்க அதன் வழியாகத்தான் வரும். மற்றவற்றை அப்படியே விட்டுவிட்டு அதை மட்டும் கூட்டிக்கொள்ளலாம். நாம்ஹீ கைவைத்துக் காட்டிய மலிவான ஒற்றைப் பெட்டியில் எல்லாம் சேர்ந்துதான் ஏறும், சேர்ந்துதான் இறங்கும்.

எனவே தனித்தனிதான். ஆம்ப்ளிஃபயர், டிவிடி, இடுப்பளவு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர், பின்னால் வைக்க இரண்டு, நடுவில் ஒன்று, தரையில் உட்கார்ந்து அதிரும் பெரிய வூஃபர் பெட்டி. கடைக்காரப் பையன் ஆம்ப்ளிஃபயர் பக்கம் குனிந்துகொண்டே, நடு ஸ்பீக்கரை மட்டும் கூட்டுவது எப்படி என்று நிதானமாக விளக்கினான். அவன் முதுகுதான் தெரிந்தது. உதடு தெரியவில்லை. கில்சோப் தலையை ஆட்டினான். "சரி சரி" என்றான்.

வீட்டுக்கு வந்தபின் எந்தப் பொத்தான் எதற்கென்று அவனுக்கு விளங்கவில்லை. கையேடு பெரும்பாலும் அம்புக்குறிகளும் எண்களும்தான். கடைக்குப் போன் செய்யலாம்தான். ஆனால் போனில் உதடு இல்லை. கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டினான். அப்போதும் பேச்சு தெளியவில்லை. இன்னும் கூட்டினான்.

கீழ்வீட்டில் ஜேவான் என்ற இளைஞன் இருந்தான். கார் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட், பகலில்தான் தூக்கம். நாம்ஹீ சனி ஞாயிறுகளில் பல்பொருள் அங்காடிக்கு வேலைக்குப் போவாள், மகள் போராம் பியானோ வகுப்புக்குப் போவாள். கில்சோப் படம் போடுவதும் ஜேவான் கண்ணை மூடுவதும் ஒரே நேரம்.

முதலில் ஜேவான் மரியாதையாகத்தான் வந்தான். ஒரு பெட்டி ஆரஞ்சோடு வந்து, தலைகுனிந்து, "அண்ணே, பகல்ல கொஞ்சம் சத்தத்தைக் கொறைச்சீங்கன்னா புண்ணியமாப் போகும். வூஃபரை மட்டுமாவது நிறுத்திடுங்க" என்றான். குனிந்தபடி சொன்னதால் கில்சோப்புக்கு ஒன்றும் பிடிபடவில்லை. புதிதாகக் குடிவந்தவன் அக்கம்பக்கம் பழக வந்திருக்கிறான் என்று நினைத்தான். சிரித்தான். "சரி சரி" என்று ஆரஞ்சை வாங்கிக்கொண்டான். கதவை மூடிவிட்டுப் போர்ப்படத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.

அடுத்த வாரம் அடுக்குமாடிக் காவலாளி பியோ இண்டர்காமில் பல தடவை கூப்பிட்டார். யாரும் எடுக்கவில்லை. ஜேவான் கீழிருந்து இரும்புக் கழியால் கூரையை இடித்தான். அவன் வீட்டுக் கூரையின் பூச்சு உதிர்ந்து படுக்கையில் விழுந்தது. மேலே கில்சோப்பின் பாதத்தில் ஏதோ அதிர்ந்தது. படத்தில் பீரங்கி வெடித்துக்கொண்டிருந்தது. அதுதான் என்று நினைத்தான்.

ஒரு சனிக்கிழமை மதியம் ஜேவான் அலுமினிய பேஸ்பால் மட்டையோடு ஏறி வந்தான்.

முதலில் அழைப்பு மணி. பிறகு கை. பிறகு கால். கடைசியில் மட்டை. எதிர்வீட்டுப் பெண் கதவைக் கொஞ்சம் திறந்து பார்த்துவிட்டுத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள். தண்ணீர் குடிக்க எழுந்த கில்சோப், இரும்புக் கதவு உள்பக்கமாகக் குழிந்து நடுங்குவதைத் தற்செயலாகப் பார்த்தான். ஓடிப்போய்த் திறந்தான்.

ஜேவானின் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. உதடுகள் வெறிபிடித்ததுபோல அசைந்தன. ஆனால் பின்னால் வராந்தா ஜன்னல். வெளிச்சம் முழுக்க அவன் முதுகுக்குப் பின்னால். முகம் ஒரே கருப்பு.

"எத்தனை தடவைய்யா சொல்றது? ஆரஞ்சை வாங்கித் தின்னியே, அப்ப வெக்கமா இல்ல? மனுசன் தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா? காது செவுடாய்யா உனக்கு?"

கில்சோப் தலையை ஆட்டினான். லேசாகச் சிரித்தான். "சரி சரி."

மட்டையின் நுனி அவன் வயிற்றில் இறங்கியது. காற்று மொத்தமும் வெளியே போய்விட, அவன் மடங்கிச் செருப்புகளின் மேல் விழுந்தான். அடுத்த அடி தோளில். மூன்றாவது அடி சுவரில் பட்டுச் சுண்ணாம்பைச் சிதறடித்தது. அதற்குள் கில்சோப் அந்த மட்டையைப் பிடித்துவிட்டான். இருபது வருடமாக அதிரும் இயந்திரத்தை விடாமல் பிடித்த கை அது. ஜேவானை மட்டையோடு சேர்த்து இழுத்து, நெற்றியால் அவன் மூக்கில் இடித்தான். ஏதோ நொறுங்கியது நெற்றியில் தெரிந்தது. இருவரும் வராந்தாவில் புரண்டார்கள். யாரோ வைத்திருந்த கிம்ச்சி ஊறுகாய் ஜாடி உருண்டு உடைந்து, சிவப்புச் சாறு படியெல்லாம் வழிந்தது. ரத்தம் எது, மிளகாய் எது என்று தெரியாமல் இருவரும் அதில் வழுக்கி வழுக்கி அடித்துக்கொண்டார்கள். காவலாளி பியோ தீயணைப்பு உருளையைத் தூக்கிக்கொண்டு வந்து இருவர் மேலும் பொடியைப் பீய்ச்சியடித்தபிறகுதான் சண்டை நின்றது.

பியோவின் காவலறையில் வெள்ளைப் பொடி பூத்த தலைகளோடு இருவரையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஜேவானின் மூக்கில் பஞ்சு. கில்சோப்புக்கு ஒரு விலா எலும்பில் விரிசல்.

பியோதான் சமாதானம் பேசினார். பல் போன கிழவர். ஒவ்வொரு எழுத்தையும் வாயை அகலத் திறந்து சொல்வார். அதனால் அவர் சொன்னது கில்சோப்புக்குப் புரிந்தது. "கில்சோப், நீ வயசுல மூத்தவன். அந்தக் கருமாந்திரத்தையெல்லாம் கடையில திருப்பிக் குடு. ஒரு சின்னப் பெட்டியா, வூஃபர் இல்லாத பெட்டியா, மாத்திக்க. இந்தத் தம்பி மட்டையத் தூக்கி ஏரியில போடட்டும். முடிஞ்சுது கதை."

"அவரு சினிமா தியேட்டர் நடத்தறாரு. டிக்கெட் வாங்காம நான் பாக்கறேன்னு கோவம்" என்றான் ஜேவான் மூக்கடைத்த குரலில்.

"வாய மூடு தம்பி. மூக்கு ஒண்ணுதான் போயிருக்கு, நாக்கையும் விட்டுறாத."

நாம்ஹீ அங்காடியின் ஏப்ரனோடு ஓடி வந்திருந்தாள். எல்லோருக்கும் மாறி மாறி இடுப்பு வளைய வணங்கினாள். கில்சோப் தலையை ஆட்டிச் சம்மதித்தான். இந்த முறை எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரிந்தே ஆட்டினான்.

ஆனால் மாற்றவில்லை.

ஒற்றைப் பெட்டி என்றால் நடு ஸ்பீக்கர் இல்லை. அவள் படம் பார்க்கும் வெள்ளிக்கிழமைகளில் மறுபடியும் நாம்ஹீயின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் அழும்போது எதற்கு அழுகிறாள் என்று தெரிந்துகொள்ள வேறு வழி அவனுக்குத் தெரியவில்லை. ஒரு பொத்தான். எங்கேயோ ஒரே ஒரு பொத்தான் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துவிட்டால் வூஃபரை அவனே கையால் பிடுங்கி எறிந்துவிடுவான்.

ஜேவானும் மட்டையை ஏரியில் போடவில்லை. அவனும் ஒரு ஸ்பீக்கர் வாங்கினான். அதைக் கூரையில் முகம் மேல் பார்க்க இறுக்கி முடுக்கினான். மாலையில் வேலைக்குப் போகும்போது அதில் சுத்தியல் சத்தத்தைப் போட்டுவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு போனான். டொக், டொக், டொக் என்று விடியும்வரை. போராம் தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு அழுதாள். நாம்ஹீ சமையலறைத் தரையில் படுத்துப் பார்த்தாள், குளியலறையில் உட்கார்ந்து பார்த்தாள். அங்காடியில் முட்டைத் தட்டைக் கைதவறிப் போட்டாள்.

கில்சோப் நன்றாகத் தூங்கினான்.

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒரு காலையில் சூப் கிண்ணத்தை அவன் முன்னால் வைத்துவிட்டு, நேருக்கு நேர் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு ஒண்ணுமே உறைக்கலையா?"

அவன் அவள் உதட்டைப் பார்த்தான். காய்ந்து வெடித்திருந்தது.

"கொழந்தை தூங்கல. நான் தூங்கல. நீங்க கொறட்டை விடறீங்க. எங்க மேல அவ்வளவு அலட்சியமா? நான் பின்னாடி வந்து பத்து வார்த்தை பேசினா, ஒரு வார்த்தைக்குத் திரும்பறதில்ல. இத்தனை வருசமா நான் சுவத்துக்கிட்ட பேசிட்டிருக்கேன்னு நெனைக்கிறேன்."

"அப்படி இல்ல."

"அப்ப எப்படி? சொல்லுங்க."

அவன் சூப்பைக் கலக்கினான்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள அதெல்லாம் வெளிய போயிருக்கணும். அந்த ஒத்தப் பெட்டிய வாங்குங்க, வாங்காமப் போங்க, எனக்குக் கவலையில்ல. கீழ போய் அந்தப் பையன்கிட்ட மன்னிப்புக் கேளுங்க. முடியாதுன்னா நானும் போராமும் ஜின்ஜுவுக்கு, எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவோம். போனா வாரக் கடைசியில திரும்பி வர்ற போக்கு இல்ல. புரிஞ்சுதா?"

புரிந்தது. ஒவ்வொரு எழுத்தும் புரிந்தது.

ஞாயிறு காலை போராம் தோழியோடு தேவாலயத்துக்குப் போயிருந்தாள். நாம்ஹீ விடுப்பு எடுத்துக்கொண்டு, நெத்திலி வேகவைத்தபடி சமையலறையில் நின்றாள். படுக்கையறையில் அலமாரி திறந்து கிடந்தது. கில்சோப் அட்டைப் பெட்டிகளைக் கூடத்தில் அடுக்கினான். கழற்றும் முன் கடைசியாக ஒருமுறை முயன்று பார்ப்போம் என்று தோன்றியது. அவளுக்குப் பிடித்த, அந்தத் தாய் வரும் படத்தைப் போட்டான். ஆம்ப்ளிஃபயர் முன்னால் மண்டியிட்டு, ஒவ்வொரு பொத்தானாக அழுத்தினான். திரையில் எண்கள் ஏறின. நடு ஸ்பீக்கரின் எண்தான் அது என்று நம்பி ஏற்றினான்.

அது வூஃபர்.

மழைக்காட்சி. முதல் இடியில் சமையலறைத் தட்டுகள் குதித்தன. நாம்ஹீ கரண்டியோடு ஓடி வந்து, "நிறுத்துங்க" என்றாள், அவன் முதுகுக்கு. திரும்பவும் சொன்னாள். பிறகு அந்த வீட்டில் முதல்முறையாகக் கத்தினாள். அவன் திரையிலிருந்த அந்தத் தாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

போராம் வாசற்கதவைச் சரியாக மூடிவிட்டுப் போகவில்லை. ஜேவான் தட்டாமல், ஷூவைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான். தொழிற்சாலை எண்ணெய் படிந்த காலோடு தரைவிரிப்பில் ஏறினான். கையில் அதே மட்டை.

"நீ மாத்தறேன்னு சொன்னே. கிழவர் முன்னால தலையாட்டினே" என்றான். கத்தக்கூட இல்லை. களைத்துப் போயிருந்தான்.

முதலில் வூஃபரை அடித்தான். மரம் பிளந்து, உள்ளிருந்த கருப்பு வட்டம் கிழிந்தது. அடுத்து ஆம்ப்ளிஃபயர். கில்சோப்பின் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி மட்டை இறங்கி, கண்ணாடிச் சில்லுகள் அவன் முகத்தில் தெறித்தன. உயரமான இரண்டு ஸ்பீக்கர்களையும் ஒரே வீச்சில் சாய்த்தான். நடு ஸ்பீக்கரைத் தொலைக்காட்சி மேலிருந்து இழுத்துத் தரையில் போட்டு, குதிகாலால் மிதித்தான்.

அதைப் பார்த்ததும் கில்சோப்புக்குள் எதுவோ அறுந்தது. பாய்ந்தான். விரிசல் விட்ட விலா தீயாக எரிந்ததை உணரவில்லை. இருவரும் தேநீர் மேசை மேல் விழுந்தார்கள், மேசை உடைந்தது. ஜேவான் மட்டையின் பிடியால் அவன் காதோரம் இடித்தான். கில்சோப் அவன் மணிக்கட்டைத் திருகினான். மட்டை உருண்டது. பிறகு முன்கையை ஜேவானின் தொண்டையில் வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் இறக்கினான்.

ஜேவானின் முகம் சிவந்தது, பிறகு நீலம் பாய்ந்தது. அவன் உள்ளங்கை தரையைத் தட்டியது. தோற்றேன், விட்டுவிடு என்று தட்டியது.

"விடுங்க" என்றாள் நாம்ஹீ பின்னாலிருந்து. "போதும், விட்டுடுங்க. செத்துடுவான். போராம் அப்பா, அவன் செத்துடுவான்."

அவன் அழுத்தினான்.

"நான் கெஞ்சறேன். கேளுங்களேன், ஒரே ஒரு தடவை நான் சொல்றதைக் கேளுங்களேன்."

அவன் இன்னும் அழுத்தினான். அவனுக்கு அந்த அறையில் எந்தக் குரலும் இல்லை. எதிரில் ஒரு நீல முகம், மண்டைக்குள் பழைய கிரைண்டரின் இரைச்சல், அவ்வளவுதான். அப்போது பின்னாலிருந்து யாரோ தோளைப் பிடித்து இழுத்தார்கள். கூட இன்னொருவன் வந்திருக்கிறான் என்று நினைத்தான். திரும்பிப் பார்க்காமல் முழங்கையைப் பின்னால் வீசினான்.

முழங்கை மிருதுவான எதன்மேலோ பட்டு, அதற்குள் இருந்த கடினமான எதையோ உடைத்தது.

திரும்பினான். நாம்ஹீ சுவரோடு சரிந்துகொண்டிருந்தாள். வாயைப் பொத்திய விரல்களுக்கிடையே ரத்தம் ஒழுகியது. அவள் மடியில் ஒரு பல் கிடந்தது.

ஜேவான் புரண்டு குப்புறப் படுத்து இருமினான். இருமலுக்கு நடுவே அவளைப் பார்த்துவிட்டு, தவழ்ந்தபடியே நகர்ந்து, ஒரு துண்டை எடுத்து அவளிடம் நீட்டியது அவன்தான். "அக்கா, இதை வச்சு அமுக்குங்க" என்றான். காவலாளி பியோ மூச்சிரைக்க வந்து, அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்து, ஜேவானின் அக்குளில் கைகொடுத்து வெளியே அழைத்துப் போனார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது என்று வாசலில் நின்று வாயை அகலத் திறந்து கில்சோப்புக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

கில்சோப் குளிர்பெட்டியிலிருந்து பனிக்கட்டி எடுத்து வந்தான். துண்டில் சுற்றினான். இரண்டு கட்டிகள் கீழே விழுந்தன. அவள் வாங்கிக்கொண்டாள். துண்டு அவள் முகத்தின் பாதியை மூடியது. சமையலறையில் நெத்திலிச் சாறு பொங்கி அடுப்பு அணைந்து, கருகின வாசனை வந்தது. அவன் போய் வாயுவை மூடிவிட்டு வந்து, அவள் முன்னால் கண்ணாடிச் சில்லுகளின் மேலேயே உட்கார்ந்தான்.

அவள் அவனைப் பார்த்தாள். கோபம் இல்லை. அது இருந்திருந்தால் தேவலை என்று நினைத்தான்.

பிறகு அவள் பேசினாள்.

துண்டு அசைவதுதான் தெரிந்தது. ஈரத்துணி உள்ளே போய் வெளியே வந்தது. அவள் நீளமாகப் பேசினாள். நடுவில் ஒருமுறை அலமாரிப் பக்கம் கண்ணைத் திருப்பினாள். ஒருமுறை போராமின் சின்னச் செருப்பைப் பார்த்தாள். கடைசியில் புருவம் லேசாக உயர்ந்தது. கேள்வி கேட்டிருக்கிறாள். பதிலுக்குக் காத்திருக்கிறாள்.

அவன் தாடை பழக்கத்தில் தானாக இறங்கத் தொடங்கியது. உதட்டோரம் அந்தச் சிரிப்பு வரப் பார்த்தது. இந்தத் தலையாட்டல் எதற்குச் சம்மதம்? இனி அடிக்காமல் இருப்பீர்களா என்று கேட்டாளா? போராமைக் கூட்டிக்கொண்டு இன்றைக்கே கிளம்பட்டுமா என்று கேட்டாளா? ஒரு "சரி சரி"யில் அவள் எழுந்து ஜின்ஜு பஸ் ஏறிவிடலாம். எதற்குப் போனாள் என்றுகூட அவனுக்குத் தெரியாமல் போகும்.

தலையை நிறுத்தினான். கழுத்து வலித்தது, யாரோ பிடித்து நிறுத்தியதுபோல.

அவள் புருவம் இறங்கியது. இதற்கும் பதில் இல்லை என்று எடுத்துக்கொண்டாள். சுவரில் கையூன்றி எழுந்திருக்கப் பார்த்தாள்.

கில்சோப் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டான். அவன் குரல் அவனுக்கே எட்டவில்லை, தொண்டை அதிர்வதை வைத்துத்தான் தான் பேசுவது தெரிந்தது.

"நாம்ஹீ, நீ சொன்னது எனக்குக் கேக்கல. இப்ப மட்டும் இல்ல, நீ பின்னாடி நின்னு கூப்பிட்டதும் கேக்கல. ரொம்ப வருசமாவே எனக்குக் காது கேக்கறதில்ல. துணிய எடுத்துட்டு, என் முகத்தைப் பாத்து, சத்தமா இன்னொரு தடவை சொல்லு."